சிவப்புக் குறி சொன்ன சேதி

திருத்தணிக்குப் போகிறவர்கள் எல்லாரும் முருகனைத் தரிசிக்கப் போவார்கள். நான் போனது சித்தியைப் பார்க்க. இதை முருகன் மன்னித்துவிடுவான். ஆனால், முதலில் மலைக்குப் போய்விட்டு அப்புறம் வீட்டுக்கு வந்திருந்தால் சித்தி மன்னித்திருக்க மாட்டாள்!

சென்னையிலிருந்து மின்சார ரயிலில் 80 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போய், கடைசியில் குன்று கண்ணில் படும்போதே மனசு லேசாகிவிடும். ஆனால் அந்தச் சனிக்கிழமை சித்தி வீட்டில் யாருக்கும் மனசு லேசாக இல்லை.

"வாம்மா, நல்ல சமயத்தில் வந்தாய்" என்றாள் சித்தி. "உன் தங்கை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னடி என்று கேட்டால், 'கதவு மாட்டிக்கொண்டது' என்கிறாள். எந்தக் கதவு என்று வீடு பூராவும் தள்ளிப் பார்த்துவிட்டேன். எல்லாக் கதவும் நன்றாகத்தான் திறக்கிறது!"

சித்தியின் பெண் டிப்ளமா படித்தவள். (பெயரை இங்கே போட்டால் அப்புறம் என்னோடு பேச மாட்டாள், ஆகவே வேண்டாம்.) அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் எட்டு மாதமாக உத்தியோகம். கம்ப்யூட்டரில் யந்திரப் பாகங்களை வரைந்து, ஒன்றோடொன்று பொருத்திக் காட்டும் வேலை. விடியற்காலையில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அன்று விடுமுறை. ஆனாலும் மடிக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள்.

எட்டிப் பார்த்தேன். திரையில் ஓர் இரும்புப் பெட்டி. மின்சார ஸ்விட்சுகளை உள்ளே வைத்துப் பூட்டும் ஆள் உயரப் பெட்டி. அதற்கு ஒரு கதவு, கதவுக்கு மூன்று கீல்கள். ஓரத்தில் பாகங்களின் ஜாபிதா. அந்த ஜாபிதா நெடுக, அம்மை போட்டாற்போல் சிவப்புச் சிவப்பாகக் குறிகள்!

"கீழே ஒன்றை அடக்கினால் மேலே இரண்டு முளைக்கிறது, அக்கா. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அடக்கிவிட்டுத் தூங்கினேன். காலையில் கீழ்க் கீலைத் திரும்ப மாட்டினேன். மறுபடியும் வந்துவிட்டது" என்றாள். குரல் கம்மியிருந்தது.

இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டரும் கீலும் எதற்கு என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணோ பிள்ளையோ இப்படி ஏதோ ஒரு திரைக்கு முன்னால், சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருக்கலாம். அந்தக் குறிகள் என்ன சொல்கின்றன என்று தெரிந்தால், நாமும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசலாம் அல்லவா?

அந்தக் காலத்தில் பெரிய பலகையில் காகிதத்தை ஒட்டி, பென்ஸிலால் வரைந்தார்கள். காகிதம் வரைந்ததை வாங்கிக்கொள்ளும், மறுத்துப் பேசாது. 1963-ல் அமெரிக்காவில், எம்.ஐ.டி. என்ற கலாசாலையில், ஐவன் ஸதர்லாண்ட் என்ற இளைஞர் தமது டாக்டர் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்று ஒன்றைச் செய்தார். ஒளிப் பேனாவினால் கம்ப்யூட்டர் திரையிலேயே கோடு போடலாம். அதோடு நிற்கவில்லை. "இந்த இரண்டு கோடுகளும் இணையாக இருக்கட்டும், இவை இரண்டும் ஒரே நீளமாக இருக்கட்டும்" என்று கட்டளையும் இடலாம். அன்று முதல் வரைபடத்துக்கு வாய் முளைத்துவிட்டது! இன்றைக்கு 'கேட்' என்று சொல்லப்படும் வரைகலை மென்பொருள்கள் எல்லாம் அந்த வம்சந்தான். அந்தக் கட்டளைகளுக்குக் 'கன்ஸ்ட்ரெயின்ட்' என்று பெயர். சில மென்பொருள்களில் 'மேட்' என்பார்கள். நாம் 'கட்டு' என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பாகத்துக்கு எத்தனை கட்டுப் போடலாம்? இதற்குக் கணக்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு தீப்பெட்டி போதும்.

தீப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அது முன்னும் பின்னும் போகும், இடமும் வலமும் போகும், மேலும் கீழும் போகும். அது மூன்று. அந்த மூன்று திசைகளையும் அச்சாக வைத்துக்கொண்டு மூன்று விதமாகச் சுழலவும் செய்யும். மொத்தம் ஆறு சுதந்திரங்கள். இப்போது அதை மேஜைமேல் படுக்கவையுங்கள். மேலே கீழே போவதும், இரண்டு பக்கமும் சாய்வதும் நின்றுவிட்டன, மூன்று போயிற்று. அதை அப்படியே நகர்த்தி, சுவரோடு ஒட்டிவையுங்கள். இன்னும் இரண்டு போயிற்று. சுவரை ஒட்டியே தள்ளிக்கொண்டு போய் மூலையில் முட்டவையுங்கள். கடைசி ஒன்றும் போயிற்று. மூன்று, இரண்டு, ஒன்று, ஆக ஆறு. இனிமேல் அது அசையாது. பட்டறைகளில் ஒரு சாமானை யந்திரத்தில் துளை போட நிறுத்துவதும் இந்தக் கணக்குப்படிதான்.

சரி, ஏழாவதாகவும் ஒரு கட்டுப் போட்டால்?

இந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியே பதில் சொல்லிற்று. வந்ததிலிருந்து 'டக், டக்' என்று ஆடிக்கொண்டிருந்தது. சித்தி பழைய காலண்டர்த் தாள் ஒன்றை நாலாக மடித்து, ஒரு காலுக்கடியில் செருகினாள். ஆட்டம் நின்றது.

முக்காலி எப்போதாவது ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? எந்த மேட்டுப்பள்ளத்தில் போட்டாலும் முக்காலி ஆடாது. ஒரு தளத்தில் நிற்க மூன்று புள்ளிகள் போதும். நாலாவது கால் உபரி. தரை கண்ணாடிபோல் சமமாக இருக்கும் வரையில் அந்த உபரிக் கால் வாயைத் திறக்காது. தரை ஒரு நெல்முனை இறங்கினால் போதும், தாளம் போட ஆரம்பித்துவிடும். நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருக்கிறது. மண் அடுப்பில் குமிழ் வைத்தார்களே, மூன்றுதான் வைத்தார்கள்! எந்தப் பானையை ஏற்றினாலும் ஆடாமல் உட்கார்ந்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படியானால் என் கதவும் நாற்காலிதான், அக்கா" என்றாள்.

கதவுக்கு வேண்டியது ஒரே ஒரு சுதந்திரம். திறந்து மூட வேண்டும். மற்ற ஐந்தையும் மேல் கீல் ஒன்றே பிடித்துக்கொள்கிறது. கீலின் அச்சை அச்சோடு பொருத்தி, முகத்தை முகத்தோடு ஒட்டினால் தீர்ந்தது. அவளோ மூன்று கீல்களுக்கும் அச்சும் முகமும் போட்டிருந்தாள். நிஜக் கதவுக்கு மூன்று கீல்கள் வேண்டும். பளுவைத் தாங்க வேண்டுமே! இரும்பும் தகடும் ஓர் இழை வளைந்து கொடுத்துச் சமாளித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் வரைந்த இரும்பு வளையாது. அதற்குச் சமாளிக்கத் தெரியாது. அளவுகள் எல்லாம் அணுவும் பிசகாமல் இருக்கும் வரையில் உபரிக் கட்டுகளைப் பொறுத்துக்கொள்ளும். எங்கேயாவது ஓர் அளவு மாறிவிட்டால், "நீ சொன்ன இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமாக இருக்கிறது. எதைக் கேட்பது?" என்று சிவப்புக் கொடி காட்டும்.

"போன வாரம் வரை ஒரு சிவப்பும் இல்லையே!" என்றாள் அவள். சொன்ன பிறகு சட்டென்று நிறுத்தினாள். போன வாரம் இல்லை, வியாழக்கிழமை வந்தது. அப்படியானால் நடுவில் என்ன மாறிற்று?

அதுவரை சிவப்பு தென்பட்ட இடத்திலெல்லாம் 'சப்ரஸ்' என்ற பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாள். அது கட்டை அவிழ்ப்பதில்லை. கண் மறைவாக அடக்கிவைக்கிறது. நாற்காலிக் காலுக்கடியில் காலண்டர்த் தாள் செருகுவது மாதிரிதான். இந்தத் தடவை வேறு விதமாகச் செய்தாள். முதலில் கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தாள். கதவின் எல்லாக் கட்டுகளையும் ஒரேயடியாக அடக்கினாள். திரையில் ஒரு சிவப்பும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப எழுப்பினாள். மேல் கீலின் அச்சு, பேசாமல் இருந்தது. மேல் கீலின் முகம்; பேசாமல் இருந்தது. கதவை மௌஸால் பிடித்து இழுத்தாள், அழகாகத் திறந்து மூடிற்று. நடுக் கீல், அதற்கும் ஆட்சேபணை இல்லை. கீழ்க் கீலின் அச்சு, அதுவும் சம்மதம். கீழ்க் கீலின் முகத்தை எழுப்பினாளோ இல்லையோ, குப்பென்று அத்தனை சிவப்பும் திரும்பி வந்தது!

அளந்து பார்த்தாள். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் நடுவே, பெட்டியின் சட்டத்தில் 1,500 மில்லி மீட்டர். கதவுத் தகட்டில் 1,498.

இரண்டு மில்லி மீட்டர்! நம் வீட்டு அரிவாள்மணை அலகின் கனம். அதற்குத்தான் மூன்று நாள் பட்டினி.

கதவின் கோப்பைத் திறந்து தேதியைப் பார்த்தாள். புதன்கிழமை மாலை ஆபீஸில் யாரோ கதவை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். சட்டத்தைத் திருத்தவில்லை. அவள் மாட்டிய விதத்தில் உபரி உண்டு, வாஸ்தவம். ஆனால் அளவில் வந்த பிசகு அவளுடையது அல்ல.

"உடனே போன் பண்ணிச் சொல்லேன்" என்றேன்.

அவள் பேசவில்லை. ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெல்லச் சொன்னாள்: "சிவப்பு வந்தவுடனேயே சொல்லியிருக்க வேண்டும், அக்கா. நான்தான் மாட்டத் தெரியாமல் மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆயிற்று, இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டால்? அங்கே வரைகிறவர்களில் நான் ஒருத்திதான் பெண். திங்கட்கிழமை காலையில் நாற்பது கதவுக்குத் தகடு துளை போடப் போகிறார்கள். இப்போது போய்ச் சொன்னால், மூன்று நாள் என்ன செய்தாய் என்பார்கள்."

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவளைப் பட்டினி போட்டது கீல் அல்ல. ஒவ்வொரு சிவப்புக் குறியும் 'உனக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது' என்று தன்னைப் பார்த்துச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்! அந்தப் பேச்சைக் கேட்கப் பயந்துதான் அதன் வாயை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மறுநாள் விடியற்காலையில் இருவரும் மலை ஏறினோம். வருஷத்தின் நாட்களுக்குக் கணக்காக 365 படிகள் என்பார்கள். டிசம்பர் 31-ஆம் தேதி நடக்கும் படித் திருவிழாவில் பஜனைக் கோஷ்டிகள் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவது இங்கே பிரசித்தம். எந்தப் படியையும் தாண்டிக் குதிப்பதில்லை.

தரிசனம் முடித்து வெளியே வந்து நின்றபோது, வடக்கே மலைகள் தெரிந்தன. அந்தப் பக்கம் ஆந்திரம். தங்கையிடம் அந்த ஊரின் கதையையே சொன்னேன். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போயிற்று. 'இது தமிழர் ஊர்' என்று ம.பொ.சிவஞானம் முதலானவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். ஒரே ஊர், இரண்டு ராஜ்யங்களின் கட்டு! அந்தச் சத்தத்தை அடக்கிவிட்டால் எல்லை சரியாகிவிடுமா? எச்.வி.படாஸ்கர் என்பவர் மத்தியஸ்தராக வந்தார். கிராமம் கிராமமாக, அங்கே பெரும்பாலோர் பேசும் பாஷை எது என்று பார்த்துப் பிரித்தார். 1959-ல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. பதிலுக்குச் செங்கற்பட்டு ஜில்லாவில் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின.

"நேற்று நீ செய்ததும் அதுதான். ஒவ்வொன்றாக எழுப்பி, எந்த இரண்டு சண்டை போடுகின்றன என்று கண்டுபிடித்துவிட்டாய். எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் ஆபீஸில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தால்தானே சொல்வார்கள்?" என்றேன்.

அவள் கோயில் மதிலோரமாகப் போய் நின்று, மேஸ்திரியைக் கூப்பிட்டாள். "சார், கீழ்க் கீல் சட்டத்தில் ஆயிரத்தைந்நூறு இருக்கிறது, கதவில் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு இருக்கிறது. நாளைக்குத் துளை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் சார்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கம் என்ன பதில் என்று எனக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கத்தைக் கலைத்ததற்கு நல்ல வார்த்தையாக இருந்திராது.

திங்கட்கிழமை இரவு எனக்குப் போன் வந்தது. மேஸ்திரி தாமே அளந்து பார்த்தாராம். இரண்டு மில்லி மீட்டர் வித்தியாசம் நிஜந்தான். வேறு கீல் வாங்கப்போவதாக யாரோ நினைத்து, கதவை மட்டும் மாற்றி, அப்புறம் அந்த யோசனையைக் கைவிட்டு, பழையபடி திருத்த மறந்துவிட்டார்களாம். நாற்பது தகடும் பிழைத்தன.

"முதலாளி பாராட்டினாரா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"'வியாழக்கிழமையே வந்து சொல்வதற்கென்ன?' என்று கேட்டார், அக்கா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சாப்பிட்டுவிட்டாளா என்று சித்தியிடம் விசாரித்தேன். இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்துச் சாப்பிட்டாளாம்.

இந்த வேலையில் இருக்கும் மற்றப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உபயோகப்படட்டும் என்று, அவளிடமே கேட்டுச் சிலவற்றைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஜாபிதாவில் இருபது சிவப்பு இருந்தால் இருபது தப்பு என்று அர்த்தம் அல்ல. சண்டை போடுவது இரண்டு பேர். அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் கூச்சல் போடுவார்கள். முதலில் சண்டையை ஆரம்பித்தவரைத் தேட வேண்டும்.

ஸாலிட்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் பாகத்தின் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், அது அசைய இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள். கூட்டல் குறி இருந்தால் கட்டு மிஞ்சிவிட்டது. ஒவ்வொரு கட்டுப் போட்டதும் பாகத்தைக் கையால் இழுத்துப் பார்ப்பது நல்லது. அசைய வேண்டியது அசைந்து, அசையக் கூடாதது நின்றுவிட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். முதல் பாகத்தை மட்டும் தரையில் ஆணி அடித்தாற்போல் நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாமே மிதந்தால் எதைப் பார்த்து எதைப் பொருத்துவது?

சில சமயம் கட்டு மிஞ்சுவதில்லை. கட்டிய இடமே காணாமற் போய்விடும். ஒரு கூர் விளிம்பைப் பார்த்துக் கட்டியிருப்போம். பிறகு யாராவது அதை மழுக்கி வளைவாக்கிவிடுவார்கள். கொடிக்கயிறு கட்டிய மரத்தை வெட்டிவிட்ட கதைதான்! ஆகையால் மாறக்கூடிய விளிம்புகளை நம்பாமல், பாகத்தின் நடுத்தளம், மூலத்தளம் இவற்றைப் பார்த்துக் கட்டுவது நெடுநாள் நிற்கும். கோப்பின் பெயரை மாற்றினாலும், வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் இதே தொந்தரவுதான். பெரிய யந்திரமானால் எல்லாவற்றையும் ஒரே பந்தியில் உட்காரவைக்காமல், சிறு சிறு தொகுதிகளாகப் பொருத்திக்கொண்டு, பிறகு தொகுதிகளைச் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. உபரிக் கட்டை எடுத்துவிட்டால் சிவப்பு போய்விடும். அளவு சரியாகிவிட்டது என்று அர்த்தம் அல்ல. தங்கை இப்போது கதவை மேல் கீல் ஒன்றினால் மட்டும் கட்டியிருக்கிறாள். மற்ற இரண்டு கீல்களும் தாமாகவே நேருக்கு நேர் வந்து நிற்கின்றனவா என்று தனியே அளந்து பார்த்துக்கொள்கிறாள். எடுக்க வேண்டியதை எடுக்கலாம். ஆனால் எடுப்பதற்கு முன்னால், அது என்ன சொல்ல வந்தது என்று ஒரு நிமிஷம் கேட்டுவிட வேண்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. 'என்ன தப்புப் பண்ணினாய்?' என்று கேட்டால் குழந்தைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். 'போன வாரம் இல்லாதது இப்போது என்ன மாறிற்று?' என்று கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் பொருந்துகிற கேள்வி அல்ல இது.

சென்ற வாரம் சித்தி மறுபடியும் பேசினாள். அந்த நாற்காலியின் காலைச் சீவிக் கொடுக்கச் சொல்லி ஆசாரியை அழைத்தாளாம். அவர் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். நாற்காலியில் தப்பே இல்லையாம். கூடத்துத் தரைதான் ஒரு மூலையில் இறங்கியிருக்கிறதாம்!